சாரணர் முகாம்: பெற்றோர் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை ஓரிரவு முகாமில் பையன்கள் ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணிகளாகத்தான் இருப்பார்கள். சாரணர் இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முகாமிலும் இப்படி நான்கு அணிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பையனே தலைவன்.

பையை உங்கள் மகனே அடுக்கட்டும். நீங்கள் அடுக்கினால் இருட்டில் டார்ச் எங்கே என்று தேடுவான். போன் வேண்டாம்.

சமையல் அவர்கள் பொறுப்பு. தலைக்கு 150 கிராம் அரிசி, எட்டுப் பேருக்கு 1 கிலோ 200. சாதம் அடிப்பிடிப்பது பெரும்பாலும் விறகை அள்ளிப்போடுவதால்தான்; கொதி வந்ததும் விறகை வெளியே இழுக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அடிப்பிடித்தாலும் கரண்டியை நாம் வாங்கக் கூடாது, தயவுசெய்து. தீ விஷயத்துக்கு மட்டும் ஒரு பெரியவர் வாளித் தண்ணீருடன் பக்கத்தில் நிற்பார்.

அணித்தலைவன் எல்லாவற்றையும் தானே இழுத்துப்போட்டுச் செய்வதும் சிக்கல்தான். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தே பழகிவிடுவார்கள். ஆகவே விறகு, தண்ணீர், பாத்திரம், குப்பை என்று எழுதிவைத்து வேளைக்கு வேளை ஆள் மாற்ற வேண்டும். பாத்திரம் தேய்ப்பதில் தலைவனுக்கும் முறை உண்டு.

ஞாயிறு காலை பள்ளிக்கூட வாசலில் உள்ள பேருந்து நிறுத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். பழைய செருப்பு போதும்.

ஒவ்வாமை, மருந்து விவரங்களை வெள்ளி மாலைக்குள் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.