பேட்டன் மாறும் இடத்தையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

2022 யூஜின் உலகத் தடகளப் போட்டியின் பெண்கள் 4×100 மீட்டர் ரிலேவை, அதாவது நான்கு பேர் 'பேட்டன்' என்ற குச்சியைக் கைமாற்றி ஆளுக்கு 100 மீட்டர் ஓடும் போட்டியைப் பற்றி யார் எழுதினாலும் 'ஜமைக்காவுக்கு அதிர்ச்சி' என்று முடித்துவிடுகிறார்கள். 100 மீட்டரில் மூன்று பதக்கத்தையும் வாரிக்கொண்டு போன ஃப்ரேசர்-பிரைஸ், ஷெரிக்கா ஜாக்சன், தாம்சன்-ஹெரா மூவருமே அந்த அணியில்தான் ஓடினார்கள், அப்புறம் எப்படி அமெரிக்கா 41.14 விநாடியில் ஜெயித்தது? முதல் பேட்டன் மாற்றத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், ஜமைக்கா அங்கேயே தடுமாறிவிட்டது. வாங்குகிறவர் திரும்பிப் பார்க்காமல், ஓடிக்கொண்டே உள்ளங்கையைப் பின்னால் நீட்ட வேண்டும், எல்லாம் 30 மீட்டருக்குள். என் மகள் பள்ளியில் இதற்காகவே மாதக்கணக்கில் பழகினாள். கடைசி 100 மீட்டரில் 200 மீட்டர் சாம்பியன் ஜாக்சன் விரட்டியும் அமெரிக்காவின் ட்வானிஷா டெரியைப் பிடிக்க முடியவில்லை, வித்தியாசம் வெறும் 0.04 விநாடி.

இப்படிக்கு,
ஒரு வாசகர்