விசாரணைக் குழுவில் உட்காரப் போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ போனில் சொன்ன விஷயம் மனசை விட்டுப் போகவே இல்லை. போனில் பேசினால் எனக்குக் கோபம் வந்துவிடும், சொல்ல வேண்டியதில் பாதி விட்டுப்போகும். கூட்டத்துக்குப் போகுமுன் நீ எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டிய சில விஷயங்களும் இதில் இருக்கின்றன. அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

நீ சொன்னதிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான். உங்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பெண்கள் விடுதி கேட்டை மாலை 6 மணிக்குப் பூட்டுகிறார்கள். பையன்கள் விடுதிக்கு 9 மணி. ராத்திரியானால் பெண்கள் செல்போனை வார்டனிடம் ஒப்படைக்க வேண்டும். இதையெல்லாம் பற்றி மாணவிகள் சிலர் பெயர் போடாமல் இன்ஸ்டாகிராமில் எழுதியிருக்கிறார்கள். ஐந்து பேரைக் கண்டுபிடித்து, மன்னிப்புக் கடிதம் வாங்கிக்கொண்டு, அதற்கப்புறம் விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். ஆசிரியராகச் சேர்ந்து புரொபேஷன்கூட முடியாத உன்னை அதில் சேர்த்திருக்கிறார்கள். விடுதியை விட்டு நீக்குவதா, ஹால் டிக்கெட்டை நிறுத்துவதா என்று இப்போதே பேசிக்கொள்கிறார்கள்.

முதலில் அந்த மன்னிப்புக் கடிதத்தைப் பார்ப்போம். கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் இந்த மாதிரிக் கடிதங்களை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளை அறை வாசலில் நிற்க வைப்பார்கள். ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுப்பார்கள். ஒருவர் சொல்லச் சொல்ல அவர்கள் எழுத வேண்டும். செய்த தவறை முழுமையாக உணர்ந்துவிட்டேன், இனி கல்லூரி எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன் என்று இருக்கும். எல்லாக் கடிதத்திலும் அதே வாக்கியம், அதே தேதி, சில சமயம் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை. என்ன தவறு என்று மட்டும் எதிலும் இருக்காது. எழுதிக் கொடுத்துவிட்டால் இதோடு விட்டுவிடுவோம் என்று சொல்லித்தான் வாங்குவார்கள். அந்தத் தாள் ஃபைலில் போய் உட்காரும். பிறகு எப்போதாவது அந்தப் பிள்ளை வேறு எதற்காவது வாயைத் திறந்தால், ஏற்கெனவே குற்றத்தை ஒப்புக்கொண்டவள் என்று அதே தாள் வெளியே வரும். கடைசி வருஷத்தில் நடத்தைச் சான்றிதழுக்காக அலுவலக ஜன்னலில் வந்து நின்ற பையன்கள் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இரண்டாம் வருஷம் எழுதிக் கொடுத்ததை அவர்கள் மறந்தே போயிருப்பார்கள்.

ஆகவே குழு கூடியதும் நீ கேட்க வேண்டியது, குற்றச்சாட்டு எழுத்தில் எங்கே இருக்கிறது என்பதைத்தான். ஒவ்வொரு மாணவிக்கும் அதன் நகல் போயிற்றா, பதில் எழுத அவகாசம் கொடுத்தார்களா என்று கேள். விசாரணைக்கு முன்னால் பயமுறுத்தி வாங்கிய மன்னிப்பை வைத்துத் தண்டனை கொடுக்கக் கூடாது என்று சொல். அந்த வார்டனும் குழுவில் ஒருவர் என்று சொன்னாய். புகார் கொடுத்தவரே தீர்ப்புச் சொல்லும் இடத்தில் உட்காருவது எந்த ஊர் நியாயம்? அதையும் கேள், மரியாதையாகக் கேள்.

வார்டன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அத்தனை பெண் பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்று ராத்திரி தூக்கமில்லாமல் இருப்பவர் அவர். ஏதாவது நடந்துவிட்டால் போலீஸ் ஸ்டேஷனில் போய் நிற்பதும், பெற்றோரிடம் திட்டு வாங்குவதும் அவர்தான். அவருடைய உருவத்தைக் கேலி செய்து ஒரு பதிவு வந்ததாகச் சொன்னாயே, அது தப்பு. எழுதியவள் யாரோ அவள் நேரில் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்கட்டும். அதை நீயே அவளிடம் எடுத்துச் சொல்லலாம், நீ சொன்னால் கேட்பாள். ஆனால் அந்த ஒன்றைக் காட்டி, குளியலறையில் தண்ணீர் வரவில்லை என்று எழுதினதையும், கேட் நேரத்தைக் கேள்வி கேட்டதையும் ஒரே கட்டாகக் கட்டி ஒழுங்கீனம் என்று பெயர் வைக்க விடாதே.

கேட் நேரத்தைக் கேள்வி கேட்டது ஒழுங்கீனமே இல்லை. பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கொண்டுவந்த 2015-ஆம் ஆண்டு விதிமுறைகளை எடுத்துப் பார். பெண்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத பாரபட்சமான கட்டுப்பாடுகளை மாணவியர் விடுதியில் விதிக்கக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் கேட்டது அதைத்தான். செல்போன் விஷயத்திலும் அப்படித்தான். கோழிக்கோடு பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் இதே போன் கட்டுப்பாட்டை ஏற்க மறுத்த மாணவியை வெளியேற்றினார்கள். அவள் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனாள். இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று 2019 செப்டம்பரில் நீதிமன்றம் சொன்னது, அவளைத் திரும்ப விடுதியில் சேர்க்கவும் உத்தரவிட்டது. நம் கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றிலேயே, டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸில், அனுமதி வாங்காமல் இணைய இதழ் நடத்தியதற்காக 2015-இல் ஒரு மாணவரை சஸ்பெண்ட் செய்தார்கள். அதற்கு டெல்லி உயர் நீதிமன்றம் தடை போட்டது. இந்த மூன்றையும் ஒரு பக்கத்தில் குறித்துக் கையில் வைத்துக்கொள்.

விடுதியை விட்டு நீக்கலாம் என்று பேசுகிறார்கள் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, அந்தப் பொண்ணுங்க அன்னைக்கு ராத்திரி எங்கே போவாங்க என்பதுதான். எனக்கு அது தோன்றவே இல்லை. ஐந்து பேரில் இரண்டு பேர் வெளி மாவட்டம் என்றாய். பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார வேண்டும். பாதுகாப்புக்காகத்தான் 6 மணிக்குப் பூட்டுகிறோம் என்கிறவர்கள் அதே பிள்ளைகளைப் பெட்டியோடு தெருவில் விடலாமா? கூட்டத்தில் அம்மா கேட்டதை அப்படியே கேள்.

நீ சொன்னதில் என்னை ரொம்பவும் வேதனைப்படுத்தியது ஒன்று உண்டு. நாம் சிறுபான்மை நிறுவனம், நம்மை யாரும் கேள்வி கேட்க முடியாது என்று தாளாளர் ஸ்டாஃப் மீட்டிங்கில் சொன்னாராமே. சிறுபான்மையினர் தங்கள் கல்வி நிறுவனங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளலாம் என்று அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவு நமக்குக் கொடுத்த உரிமையை நான் உயிராக மதிக்கிறவன். நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) 2017-இல் நீட் தேர்வு முறையை ஏற்காமல், மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் தன் முறைக்காக நின்று, எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒன்றைத் தவிர மற்றதை நிரப்பாமலே விட்டபோது, இந்த ஊரில் எத்தனை வீடுகளில் ஜெபித்தார்கள் என்பது உனக்கே தெரியும். 2020-இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் உண்டு என்று முடிவு சொல்லிவிட்டது. இருந்தாலும் அவர்கள் நின்ற இடம் எனக்குப் புரிந்தது. பெரிய கை ஒன்று சின்னக் கூட்டத்தை அமுக்கிவிடக் கூடாது என்பதற்காக வந்த உரிமை அது. உங்கள் கல்லூரி காம்பவுண்டுக்குள் பெரிய கை யாருடையது? அங்கே சின்னக் கூட்டம் அந்த ஐந்து பிள்ளைகள்தான். இந்த உரிமையைச் சொல்லி அவர்கள் வாயை அடைத்தால், நாளைக்கு நமக்கு உண்மையிலேயே அது தேவைப்படும்போது நமக்காகப் பேச யார் வருவார்கள்? 1958-லேயே கேரளக் கல்வி மசோதா பற்றிக் கருத்துச் சொன்ன உச்ச நீதிமன்றம், நிர்வகிக்கும் உரிமையில் கெட்ட நிர்வாகம் செய்யும் உரிமை அடங்காது என்று சொல்லிவிட்டது.

அப்புறம், ஐவரில் ஒரு பெண் கல்லூரி சேப்பலில் நடக்கும் ஜெபத்துக்கு வருவதில்லை என்பதையும் புகாரில் சேர்த்திருக்கிறார்கள் என்றாய். அந்த வரியை அடிக்கச் சொல். அரசு அங்கீகாரமோ அரசுப் பணமோ பெறும் கல்லூரியில் யாரையும் அவர்கள் சம்மதம் இல்லாமல் வழிபாட்டில் உட்கார வைக்கக் கூடாது. 28-வது பிரிவு அது. சட்டத்தை விடு. வருகைப் பதிவுக்குப் பயந்து ஒரு பிள்ளை முழங்கால் போட்டால் அது ஜெபமா? நம் ஆண்டவர் யாரையாவது இழுத்துக்கொண்டு வரச் சொன்னாரா?

நம் கல்லூரிகள் முன்பு இப்படி மட்டும் இருந்ததில்லை, அதை நீ மறந்துவிடக் கூடாது. ராதாகிருஷ்ணன் நம் வேலூர் ஊரீசு கல்லூரியில் படித்துவிட்டுத்தான் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். மிஷனரிகள் இந்து மதத்தைக் குறை சொல்வதைக் கேட்டுத்தான் அதை ஆழமாகப் படிக்கப் புகுந்ததாக அவரே பின்னால் எழுதியிருக்கிறார். வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமில்லை என்ற விமர்சனத்துக்குப் பதிலாகவே எம்.ஏ. படிப்புக்கு ஆய்வுரை எழுதினார். 1908-இல் அது அச்சிலும் வந்தது. தன் ஆசிரியர்களின் கருத்தை எதிர்த்து, அவர்கள் கல்லூரியிலேயே உட்கார்ந்து எழுதினார் பார். அவருடைய பேராசிரியர் ஹாக் ஒரு மிஷனரி. மெமோ கொடுக்கவில்லை, பாராட்டி எழுதிக் கொடுத்தார். அந்த மாணவர் இந்த நாட்டின் குடியரசுத் தலைவர் ஆனார். ஹாக் இருந்த நாற்காலியில்தான் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

பெண்கள் விஷயமும் அப்படித்தான். சி.எம்.சி.யை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-இல் வேலூரில் மருத்துவப் பள்ளி தொடங்கியது பெண்களுக்காகத்தான். ஆண்களைச் சேர்த்தது 1947-இல். வீட்டை விட்டுப் பெண்கள் வெளியே வராத காலத்தில், ராத்திரி என்றும் பாராமல் பிரசவம் பார்க்கப் போக வேண்டிய வேலைக்கு அவர்களைப் பழக்கினார்கள். உன் பாட்டி காலத்துப் பெண்கள் எத்தனையோ பேர் இந்த மாவட்டத்தில் மிஷன் பள்ளிக்கூடங்களின் தயவில்தான் எழுத்தைப் பார்த்தார்கள்.

சரி, உன் வேலையைப் பற்றி. எனக்குக் கவலை இல்லை என்று சொன்னால் அது பொய். புரொபேஷனில் இருக்கிறாய். தாளாளருக்கு யார் யார் சொந்தம், பேராயத்தில் யாருக்கு யார் வேண்டியவர் என்று எல்லாம் எனக்குத் தெரியும். நீ கேள்வி கேட்டால், நீ அந்தப் பிள்ளைகள் பக்கமா என்றுதான் முதலில் கேட்பார்கள். யோவான் சுவிசேஷம் ஏழாம் அதிகாரத்தில் நிக்கொதேமுவுக்கு நடந்தது அதுதான். ஒருவன் சொல்வதைக் கேட்காமல் அவனுக்குத் தண்டனை கொடுக்கலாமா என்று அவர் கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். உடனே நீரும் கலிலேயரோ, அதாவது இயேசுவின் ஆளோ என்றார்கள். அவரும் அந்த ஆலோசனைச் சங்கத்தில் இருந்தவர், உன்னைப் போல. சண்டை போடவில்லை, எழுந்தும் போகவில்லை. முறையைக் கேட்டார். உன்னிடம் நான் எதிர்பார்ப்பது அவ்வளவுதான். ராஜினாமா கடிதம் எழுதாதே, குழுவை விட்டு விலகவும் செய்யாதே. நீ விலகினால் அந்த இடத்தில் தலையாட்டுகிற ஒருவர் வருவார்.

அவர்கள் தண்டனை என்றே முடிவு செய்தால், உன் மாற்றுக் கருத்தை மினிட்ஸ் புத்தகத்தில் உன் கையாலேயே எழுதிவிட்டு அதன் கீழே கையெழுத்துப் போடு. வெற்றுத் தாளிலோ, பிறகு நிரப்பிக்கொள்கிறோம் என்று இடம் விட்ட பக்கத்திலோ போடாதே. ஹால் டிக்கெட்டைத் தொடவே கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. மற்ற எதையும் பிறகு சரிசெய்யலாம், கைவிட்டுப் போன செமஸ்டர் திரும்ப வராது. 2023-இல் வந்த யுஜிசி விதிமுறைப்படி மாணவர் குறைதீர்ப்புக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். புகார் வந்து 15 வேலை நாட்களுக்குள் அது அறிக்கை கொடுக்க வேண்டும், அதில் திருப்தி இல்லையென்றால் மாணவர் புகார்களுக்கென்று நியமிக்கப்படும் ஆம்பட்ஸ்பர்சன் என்ற அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். உங்கள் கல்லூரியில் அந்தக் குழு பெயர்ப்பலகையில் மட்டும் இருக்கிறதா, கூடுகிறதா என்று விசாரி. இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதை அந்த ஐந்து பேருக்கும் யாராவது சொல்ல வேண்டும். குழுவில் இருக்கிற நீ தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் அதையே உனக்கு எதிராகத் திருப்புவார்கள். கூட்டத்திலேயே எல்லோர் முன்னாலும் சொல்லி, மினிட்ஸிலும் ஏற்றிவிடு.

கூட்டத்துக்கு முன்னால் முதல்வருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுது. குற்றச்சாட்டின் நகல், வார்டன் குழுவில் இருப்பது, சேப்பல் வரி, ஹால் டிக்கெட், இந்த நான்கும் போதும். உரக்கப் பேசுகிற மாதிரி எழுதாதே, விடுப்புக் கடிதம் எழுதுகிற மாதிரி எழுது. எழுதியதும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு, ஒரு தடவை படித்துப் பார்க்கிறேன். அலுவலகத்தில் கொடுக்கும்போது நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள். வாங்க மறுத்தால் வாதாட வேண்டாம், அன்றைக்கே ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரமாக வை.

இப்படிக்கு,
உன் அப்பா
காட்பாடி