வெள்ளிக்கிழமை போட்ட ஊசி

ஆசிரியருக்கு வணக்கம்.

பொங்கல் கழிந்த வாரம், ஏழு வயது மகளுக்கு இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பை ஒட்டிச் சிவப்பாகக் கண்டு கண்டாக எழும்பியது. அரிப்பில்லை, சீழில்லை, தொட்டால் அலறினாள். சூட்டுக்கட்டி என்று அம்மா விளக்கெண்ணெய் தடவினார். மருந்துக்கடையில் வண்டுகடிக் களிம்பு கொடுத்தார்கள். பத்து நாள் அப்படியே ஓடியது.

தோல் மருத்துவர் காலைப் பார்த்துவிட்டு, "வீட்ல யாருக்கு இருமல்?" என்றார். கால் கட்டிக்கும் இருமலுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு எரிச்சல். இருமுவது அவளுடைய அப்புச்சி, என் அப்பா. முப்பது வருடம் போர்வெல் வண்டியில் இருந்தவர். துளை போடும் ரிக் எந்திரத்தின் தூசியால் வரும் இருமல் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

இதற்கு எரித்திமா நோடோசம் என்று பெயராம். கட்டிக்குள் கிருமி இருப்பதில்லை. உள்ளே புதிதாகப் புகுந்த காசநோய்க் கிருமியை உடம்பு எதிர்க்கும்போது தோலில் இப்படிக் காட்டுமாம். தொண்டைப் புண்ணுக்குப் பிறகும், சில மருந்துகளாலும்கூட வருமாம். அதனால், காசநோய்க் கிருமி உடம்பில் புகுந்திருக்கிறதா என்று கைத்தோலில் போட்டுப் பார்க்கும் மாண்டூ ஊசியைப் போடச் சொன்னார்.

ஊசி போட்டது வெள்ளிக்கிழமை. 48 மணியிலிருந்து 72 மணி நேரத்துக்குள் கையைக் காட்ட வேண்டும். ஊசி போட்ட இடத்தில் ஞாயிறு விடுமுறை. திங்களன்று தையல் கம்பெனியில் எனக்கு லீவு தரவில்லை. செவ்வாய் போனால், நேரம் தாண்டிவிட்டது, மறுபடி போட வேண்டும் என்றார்கள். ஒரு குழந்தையை இரண்டு முறை அழவைத்தோம். இரண்டாம் முறை நர்சம்மா சிவப்பைக் கணக்கில் எடுக்காமல், தடித்திருந்த இடத்தை மட்டும் விரலால் தடவிப் பேனாவால் குறித்து அளந்தார். 16 மில்லிமீட்டர். 10 இருந்தாலே கிருமி புகுந்திருக்கிறது என்று கணக்கு. எக்ஸ்ரேயில் நுரையீரலை ஒட்டி நெறி கட்டியிருந்தது. அப்பாவின் சளியில் கிருமி. மகள் ஒருநாளும் இருமியதில்லை.

பள்ளியில் தொட்டால் ஒட்டும் என்று அவளைத் தனியாக உட்காரவைத்தார்கள். அந்தக் கட்டி யாருக்கும் ஒட்டாது.

இருவருக்கும் அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். மூன்று வயது மகனுக்கும் தடுப்பு மாத்திரை ஆறு மாதம். அப்பா இன்னும் ரிக் தூசி என்றுதான் சொல்கிறார்; மாத்திரையை மட்டும் நேரத்துக்கு விழுங்குகிறார்.

நான் கேட்பது இதுதான்: ஞாயிறு மூடுகிற இடத்தில் வெள்ளிக்கிழமை இந்த ஊசியைப் போடாதீர்கள். எந்த நாள், எத்தனை மணிக்குள் வரவேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

ஒரு தாய்,
திருச்செங்கோடு