ஐக்கிய சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, யாங்கோன், 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, போதகர் ஐயா அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, அன்பான சகோதர சகோதரிகளே, நம் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் அனைவருக்கும் தோத்திரம். 2025 ஜனவரி முதல் டிசம்பர் முடிய நம் சங்கம் ஆற்றிய பணிகள் குறித்த அறிக்கையை இப்பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன்.

புத்தாண்டு ஆராதனைக்குப் பின் ஐக்கிய விருந்து வழக்கம்போல் நடைபெற்றது. உயிர்த்தெழுதல் பண்டிகை இவ்வாண்டு ஏப்ரல் 20ஆம் தேதி, தஜான் என்னும் பர்மியப் புத்தாண்டு விடுமுறையை ஒட்டி வந்தபடியால், வெளியூர் சென்றிருந்த பல குடும்பங்கள் அதிகாலை ஆராதனைக்கு வந்து சேர இயலவில்லை. அறுப்பின் பண்டிகை ஏலம் நடைபெற்றது. கிறிஸ்துமஸ் கீதபவனியை இரவில் நடத்தும் சூழ்நிலை இல்லாமையால், பிற்பகலிலேயே அருகிலுள்ள வீடுகளுக்கு மட்டும் சென்று திரும்பினோம். கர்த்தருக்குள் நித்திரையடைந்த உறுப்பினர்களின் பெயர்களை போதகர் ஐயா ஜெபத்தின்போது வாசிப்பார்.

மார்ச் 28ஆம் தேதி வெள்ளிக்கிழமை நண்பகலுக்குப் பின் சகாயிங், மண்டலே பகுதிகளைத் தாக்கிய 7.7 அளவிலான நிலநடுக்கத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் அறிவோம். அங்குள்ள நம் மக்களுக்கென்று திரட்டிய அரிசி, எண்ணெய், போர்வை, மருந்து ஆகியவற்றை லாரி மூலம் அனுப்பிவைத்தோம். அதற்கடுத்த கூட்டத்தில் நம்மவர் ஒருவர் எழுந்து, இது அவ்வூர்களின் பாவத்திற்குக் கிடைத்த தண்டனை என்று பேசினார். சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் இறந்தபோது, அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரைப் பார்க்கிலும் குற்றவாளிகளாயிருந்தார்கள் என்று நினைக்கிறீர்களோ என்று ஆண்டவரே கேட்டு, இல்லை என்று பதிலும் சொல்லியிருப்பதை லூக்கா 13ஆம் அதிகாரத்திலிருந்து வாசித்துக் காட்டினேன். மண்டலேயில் பள்ளிவாசலும் புத்த மடமும் தேவாலயமும் வேறுபாடின்றி இடிந்தன. பேசியவர் அதன்பின் அமைதியாக அமர்ந்தார்; போர்வைக்கு நன்கொடையும் கொடுத்தார் என்பதை நியாயத்திற்காகக் குறிப்பிடுகிறேன்.

இனி, வியாழக்கிழமை வகுப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. இவ்வகுப்பு செயலாளரின் சொந்த விருப்பத்திற்காக நடத்தப்படுவதாகவும், ஜெபக்கூட்டத்தில் அடகுச் சீட்டைப் பற்றிப் பேசுவது முறையன்று என்றும் சிலர் தலைவரிடம் வாய்மொழியாகவும் ஒருவர் எழுத்து மூலமாகவும் முறையிட்டிருப்பதால், இங்கு என்ன நடக்கிறது என்பதை, ஒரு முறைகூட வந்து பாராதவர்களும் அறியும்படி சொல்வது என் கடமையாகிறது.

வகுப்பின் முறை எளியது. வேதாகமத்திலிருந்து ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்கிறோம். அதைப் பெரியவர் ஒருவர் தமிழில் வாசிக்க, இளைஞர் ஒருவர் பர்மிய மொழியில் மறுபடி வாசிக்கிறார். தமிழ்ச் சங்கத்தில் பர்மிய வேதாகமம் எதற்கு என்று கேட்ட மூத்தவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். 1813இல் இந்த நகரத்தில் வந்திறங்கிய அமெரிக்க மிஷனெரி அதோனிராம் ஜட்சன், சிறையிலும் கிடந்து, 1834இல் முடித்த மொழிபெயர்ப்பை நம் வீட்டுப் பிள்ளைகள் தடையின்றி வாசிக்கிறார்கள். தமிழ் எழுத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடாமல் விட்டது அவர்கள் குற்றமன்று. வாசித்தபின், அச்சம்பவத்தில் யார் என்ன செய்தார், எந்த வரிசையில் செய்தார் என்று மட்டுமே முதலில் பேசுகிறோம். அதன் பிறகே நம் வீட்டுக் கதைக்கு வருகிறோம். இந்த வரிசையை நான் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பதற்குக் காரணம் உண்டு: நம்மில் பலர் சம்பவத்தின் முடிவில் உள்ள அற்புதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, நடுவில் தீர்க்கதரிசி சொன்ன வேலைகளை விட்டுவிடுகிறோம்.

எடுத்துக்காட்டாக, 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில், கடன்காரன் தன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்துவிட்டான் என்று எலிசா தீர்க்கதரிசியிடம் முறையிட்ட விதவையிடம், வீட்டில் என்ன இருக்கிறது என்றுதான் அவர் முதலில் விசாரிக்கிறார். பின்பு அயல்வீட்டுக்காரர் எல்லாரிடத்திலும் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கச் சொல்கிறார். அதாவது தன் இக்கட்டை அக்கம்பக்கத்தார் அறிந்துகொள்ளும் வெட்கத்தை அந்த அம்மாள் முதலில் தாங்க வேண்டியிருந்தது. வீட்டிலிருந்த ஒரு குடம் எண்ணெய் அப்பாத்திரங்களெல்லாம் நிறையும்படி பெருகியபின்னும், விற்றுக் கடனைத் தீர்த்து, மீந்ததைக் கொண்டு பிழைக்கும்படி சொல்கிறாரேயன்றி, வைத்துக்கொண்டு நன்றாயிருங்கள் என்று சொல்லவில்லை.

இதை வாசித்த வாரத்திற்கு அடுத்த வாரம், நம் சங்கத்தைச் சேர்ந்த விதவைச் சகோதரி ஒருவர் பழைய ஓவல்டின் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அதற்குள் மூன்று அடகு ரசீதுகள், எண்ணெய்க் கறையோடு, நான்காக மடிக்கப்பட்டு இருந்தன: இரண்டு வளையல்கள், ஒரு சங்கிலி. சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கடன் என்பதால் தொகை சிறியது. ஆனால் மாதந்தோறும் வட்டி மட்டும் கட்டி வந்திருக்கிறார். தங்கத்தின் விலை இன்று எங்கே நிற்கிறது என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. ஒரு வளையலை மீட்டு அதைச் சந்தை விலைக்கு விற்றால் மற்ற இரண்டையும் மீட்டுவிடலாம் என்பது கணக்குப் போட்டுப் பார்த்தபோது தெரிந்தது. அந்த ஒரு வளையலை மீட்கும் பணத்தை வகுப்பில் இருந்தவர்கள் கைமாற்றாகக் கொடுத்தோம். விற்ற அன்றே அந்தச் சகோதரி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சங்கத்தின் நிதியிலிருந்து செயற்குழுவின் அனுமதியின்றிக் கடன் கொடுக்கப்பட்டது என்று பரவிய பேச்சுக்கு இதுவே பதில். சங்க நிதியிலிருந்து ஒரு கியாட்கூட எடுக்கப்படவில்லை; எடுக்கும் அளவுக்கு அதில் எதுவும் இருக்கவும் இல்லை. அடகு வைத்தவர் எல்லாருக்கும் இவ்வழி பொருந்தாது. சமீபத்தில், விலை உச்சத்தில் இருந்தபோது வைத்தவர்களுக்கு வேறு கணக்கு. ஆயினும் ரசீதை வெளியே எடுக்காமல் எந்தக் கணக்கும் போட முடியாது.

இதைத் தொடர்ந்து நெகேமியா 5ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டோம். பஞ்சத்தில் தானியம் வாங்க நிலத்தையும் திராட்சத்தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்த யூதர்கள், கடன் கொடுத்தவர்களும் தங்கள் சொந்தச் சகோதரரே என்று கூக்குரலிடுகிறார்கள். நெகேமியா மிகவும் கோபங்கொண்டபோதிலும் உடனே பேசிவிடாமல், தன் மனதிலே ஆலோசனை பண்ணி, அதன்பின் பிரபுக்களையும் அதிகாரிகளையும் கண்டிக்கிறார். வாங்கிய வட்டியையும் நிலங்களையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, ஆசாரியர்களை அழைத்து ஆணையும் வாங்கிக்கொள்கிறார். நம்மிலும் நம்மவருக்கே வட்டிக்குக் கொடுப்பவர்கள் உண்டு என்று அன்று யாரும் சொல்லவில்லை; வேத பகுதியை வாசித்தோம், அவ்வளவே. அதற்கடுத்த வியாழன் முதல் தவறாமல் வந்துகொண்டிருந்த இரண்டொருவர் வகுப்புக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அவர்களுடைய சுகத்தைக் குறித்து ஜெபிக்கிறோம்.

ஆண்டில் மிகுந்த வாக்குவாதம், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து அருளப்பட்ட உணவாகிய மன்னாவின்மேல் எழுந்தது. நாளைக்கென்று எடுத்து வைத்த மன்னா பூச்சி பிடித்து நாற்றமெடுத்தது என்று யாத்திராகமம் 16இல் வாசித்தவுடன், மூத்த உறுப்பினர் ஒருவர், 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று ஒரே நாளில் அறிவித்து, ஈடாக எதுவும் கொடுக்காமல் விட்டபோது, தம் மனைவி அரிசிப் பானைக்குள் மறைத்து வைத்திருந்த கட்டும் அப்படித்தான் பூச்சி பிடித்தது என்றார். பணத்தைச் சேர்க்காதே என்பதே வேதத்தின் போதனை என்று அவர் உறுதியாக நின்றார். ஆனால் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி, அதே அதிகாரத்தில் ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்த்தது நாறவில்லை என்பதையும், எகிப்தில் யோசேப்பு செழிப்பான ஏழு வருடமும் ஐந்தில் ஒரு பங்கைக் களஞ்சியத்தில் கட்டி வைத்ததையும் எடுத்துக் காட்டினாள். பெரியவர் விடவில்லை; யோசேப்பு சேர்த்தது தானியம், காகிதமன்று என்றார். அதற்கு அவளிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. மின்சாரம் போய், பேட்டரி விளக்கும் மங்கும் வரை பேசினோம். இதன் பயனாகச் சில குடும்பங்கள் சேர்ந்து அரிசியையும் கடலை எண்ணெயையும் மொத்தமாக வாங்கி, வாங்கிய விலைக்கே வீசை (நிறை அளவு) கணக்கில் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு தொடங்கி, இன்றுவரை சச்சரவின்றி நடந்து வருகிறது. எண்ணெய் அளப்பதில் மட்டும் ஒருமுறை மனத்தாங்கல் உண்டாகி, தராசு மாற்றப்பட்டது.

கட்டாய இராணுவச் சேவை அறிவிக்கப்பட்ட 2024 பிப்ரவரிக்குப் பிறகு வாலிபப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் பெற்றோருக்கு உறக்கமில்லை என்பது அனைவருக்கும் தெரிந்ததே. அதைக் குறித்து இவ்வறிக்கையில் மேலும் எழுதுவதற்கில்லை. இப்பெற்றோருக்காக 1 இராஜாக்கள் 19ஐ வாசித்தோம். சூரைச்செடியின்கீழ் போதும் கர்த்தாவே என்று படுத்துவிட்ட எலியாவுக்கு, தூதன் அறிவுரை கூறவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைக்கிறான். இங்கே உனக்கு என்ன காரியம் என்று கர்த்தர் கேட்பது அதற்கெல்லாம் பிறகே. இதன்பின் நம் பெண்கள் ஐக்கியத்தார், பிள்ளைகள் தாய்லாந்துக்கோ மலேசியாவுக்கோ போய்விட்ட வீடுகளில் தனித்திருக்கும் முதியோருக்கு வாரம் ஒருமுறை சமைத்த உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அங்கே உட்கார்ந்து பிரசங்கம் செய்யலாகாது என்பது அவர்களே வகுத்துக்கொண்ட விதி. அதுபோலவே, ரூத் கூச்சப்படாமல் பொறுக்கிக்கொள்ளும்படி அரிகளை வேண்டுமென்றே சிந்திவிடச் சொன்ன வயல்காரர் போவாசை முன்னிட்டு, பள்ளிக் கட்டண உதவி பெறும் பிள்ளைகளின் பெயர்களைப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கும் வழக்கத்தை நிறுத்தும்படி செயற்குழுவில் கோரினேன். நன்கொடையாளருக்கு விவரம் தெரிய வேண்டாமா என்ற ஆட்சேபணை எழுந்தது. பெரும்பான்மையோர் என் கோரிக்கையை ஏற்றனர்.

உறுப்பினர் வருகையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பதிவேட்டில் உள்ள பெயர்களில் மூன்றில் ஒரு பங்கினரே கூட்டங்களுக்கு வருகிறார்கள். பேருந்துக் கட்டணமும் வீதி நிலைமையும் நான் அறியாதவை அல்ல. தொலைவிலுள்ள தங்கேஞ்சூனிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருபவர்கள் வருகிறார்கள், அடுத்த தெருவில் இருப்பவர்களே வருவதில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. குஷ்டரோகம் நீங்கிய பத்துப்பேரில் ஒருவன் மட்டும் நன்றி சொல்லத் திரும்பி வந்தபோது, சுத்தமானவர்கள் பத்துப்பேர் அல்லவா, மற்ற ஒன்பதுபேர் எங்கே என்று ஆண்டவர் கேட்டதை, பள்ளிக் கட்டணத்திற்கும் மருத்துவச் செலவிற்கும் விண்ணப்பம் எழுதித் தரக் கேட்டு என் வீட்டுக்கு வந்தவர்கள் நினைவுகூர்வார்களாக.

சந்தாவின் நிலை இதைவிடச் சோர்வளிப்பது. நம் மாதச் சந்தா இன்று ஒரு கிண்ணம் மொஹிங்கா என்னும் மீன்குழம்பு நூடுல்ஸின் விலைக்கும் குறைவு. அதையும் ஆண்டு முழுவதும் கட்டாதவர்களே மிகுதி. கட்டாதவர்களில் சிலர் செயற்குழு உறுப்பினர்கள் என்பதைப் பொருளாளர் இங்கு சொல்லத் தயங்குவார் என்பதால் நானே சொல்கிறேன்.

வரவு செலவைப் பொறுத்தவரை, சந்தா, அறுப்பின் பண்டிகை ஏலம், வெளிநாட்டிலுள்ள நம்மவர் அனுப்பிய நன்கொடை ஆகியவற்றால் வந்த வரவு, கல்வி உதவி, நல்லடக்கச் செலவு, நிலநடுக்க நிவாரணம், மண்டபப் பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு ஏறத்தாழச் சரியாயிற்று. சிறு தொகை மீதமுள்ளது. ஒரு சில ரசீதுகள் இன்னும் வந்து சேர வேண்டியுள்ளபடியால், தணிக்கை செய்யப்பட்ட கணக்கு அடுத்த செயற்குழுவில் வைக்கப்படும்.

ஆலோசனை கூறி நடத்திய தலைவர் அவர்களுக்கும், ஜெபத்தால் தாங்கிய போதகர் ஐயா அவர்களுக்கும், பொருளாளருக்கும், பெண்கள் ஐக்கியத்தாருக்கும், நாற்காலிகளை எடுத்து அடுக்கும் வாலிபர்களுக்கும், எழுத்து மூலம் ஆட்சேபணை தெரிவித்த உறுப்பினருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி கூறுகிறேன்.

வரும் ஆண்டில் செலோப்பியாத்தின் குமாரத்திகள் தகப்பன் சொத்தில் பங்கு கேட்டு மோசேயின் முன் நின்ற சம்பவத்தை வகுப்பில் எடுத்துக்கொள்ள எண்ணியுள்ளேன். பாகப் பிரிவினை நிலுவையில் உள்ள குடும்பங்கள் அண்ணன் தம்பிகளையும் அழைத்துக்கொண்டு வந்தால் நல்லது. எரியும் நேரம் குறைந்துவிட்ட பேட்டரி விளக்கிற்குப் பதிலாக ஒரு சிறிய சூரிய ஒளித் தகடு தேவைப்படுகிறது. அதைச் சங்கம் வாங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, தேவைப்படுகிறது என்று மட்டும் பதிவு செய்கிறேன். செயலாளர் பொறுப்பைப் பொறுத்தவரை, இன்றைய தேர்தலில் வேறு எவரேனும் முன்வருவாரானால் பதிவேடுகளையும் அலமாரிச் சாவியையும் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். வியாழக்கிழமை வகுப்பை அவர் தொடர்ந்து நடத்துவாரா என்பதை மட்டும் வாக்களிக்குமுன் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வறிக்கையை ஏற்று அங்கீகரிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். கூட்டம் முடிந்ததும் தேநீர் உண்டு. தேநீர் மேசைக்குப் போகும் வழியில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் அமர்ந்திருப்பார்.

கிறிஸ்துவின் பணியில்,
செயலாளர்