றிவெட் எண்ணும் தம்பிமாருக்கு வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

விமானத்தின் றிவெட் ஆணியைக்கூட எண்ணிச் சரிபார்த்து, கொம்பியூட்டரில் விளையாடுகிற போர் விமான சிமுலேட்டர்களுக்கு வன்னி வரைபடம் செய்துகொண்டிருக்கிற, கிபிர் ஜெட்டுக்கும் மிக்-27 ஜெட்டுக்கும் இலங்கை விமானப்படை நிறம் பூசுகிற, புலிகள் பாவித்த சிலின்-143ஐ எப்படியாவது பறக்கவிடப் பார்க்கிற எல்லாருக்கும் வணக்கம். டொரண்டோவில் இருந்தாலும் பாரிசில் இருந்தாலும் வவுனியாவில் இருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். நான் விசுவமடுக்காரன். வேலையால் வந்து சாப்பிட்டுவிட்டு இருந்தால் இரவில் நானும் இதே கூத்துத்தான். ஆகவே 'இவருக்கு இதில் என்ன தெரியும்' என்று தொடங்காதீர்கள்.

"சனத்தைக் கொன்ற பிளேனை வைச்சு விளையாடுறியே, வெட்கமில்லையோ?" என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் வீட்டிலேயே உண்டு. கேட்கட்டும், அவர்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் நிறுத்துங்கள் என்று சொல்வதற்காக நான் எழுதவில்லை. வன்னியில் வளர்ந்த பிள்ளைக்கு விமானப் பைத்தியம் கொம்பியூட்டரோடு வந்ததல்ல. 1996இல் கிபிர் வந்தது, 2000இல் மிக்-27 வந்தது. எங்கள் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு ஒழுங்காய்ச் சொல்லத் தெரியாதவனுக்கும் இரண்டின் இரைச்சலையும் பிரித்துச் சொல்லத் தெரியும். 'வண்டு' என்று நாங்கள் சொல்கிற ஆளில்லா வேவு விமானம் மேலே நின்று சுற்றத் தொடங்கினால் பின்னேரத்துக்குள் ஏதோ இருக்கிறது என்று தெரியும். சத்தம் வருகிற இடத்தில் விமானத்தைத் தேடக்கூடாது, அதற்கு நல்லாய் முன்னுக்குத் தேடவேண்டும் என்பதும் தெரியும். கணக்கைப் பிறகுதான் படித்தோம். ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் போகும். ஐந்து கிலோமீற்றர் தள்ளி, மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் போகிற ஜெட்டின் சத்தம் எங்களிடம் வந்து சேரக் கிட்டத்தட்ட 15 செக்கன் எடுக்கும். அதற்குள் விமானம் மூன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் போய்விடும். பழைய சிமுலேட்டர்கள் பலவற்றில் தரையில் கமராவை வைத்துப் பார்த்தால் சத்தமும் உருவமும் ஒன்றாகவே வருகின்றன. வன்னியில் எட்டு வயதுப் பிள்ளையே பிடித்துவிடும் பிழை இது.

விமான விசயத்தில் உங்கள் கவனத்தைக் குறை சொல்ல முடியாது. கிபிர் என்பது மிராஜ்-5இன் உடம்புக்குள் பாந்தம் விமானத்தின் ஜே-79 இயந்திரத்தைத் திணித்துச் செய்தது. அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் வால் செட்டையின் அடியில் ஒரு காற்று வாய் வைத்தார்கள். அந்த வாய் கொஞ்சம் பின்னுக்கு நிற்கிறது என்று ஒருவர் படம் படமாய்ப் போட்டு வாதாடியதை ரசித்து வாசித்திருக்கிறேன். மிக்-27எம்முக்கு மிக்-27கேயின் மூக்கை ஒட்டிக்கொண்டு வந்தால் நீங்கள் விடமாட்டீர்கள். கே வகையில் இலக்குப் பார்க்கிற 'கைரா' கருவிக்கான பெரிய கண்ணாடி இருக்கும், எம் வகையில் அது கிடையாது. வயிற்றடியில் இருக்கும் ஆறு குழல் 30 மில்லிமீற்றர் பீரங்கி சுடும்போது வருகிற அதிர்வில் விமானத்தின் சொந்த லைற்றே உடைந்துபோகும் என்ற கதையைக்கூட நம்பி, கொக்பிட்டை அதற்கேற்ற மாதிரி ஆட்டிவைத்திருக்கிறார் ஒரு மகராசன். நல்லது. இப்படித்தான் இருக்கவேண்டும்.

மூக்கைக் கீழே சாய்த்துப் பார்த்தால்தான் வயிறு பற்றுகிறது. வியட்நாம் வரைபடத்துக்குச் செய்த பச்சைத் தரைத் துண்டுகளை எடுத்து விரித்துவிட்டு முல்லைத்தீவு என்கிறீர்கள். பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற காடு அப்படி இராது ஐயா. ஆகஸ்டில் வந்து பாருங்கள். காடு தூசி படிந்த சாம்பல் பச்சை, காலபோகம் வெட்டின வயல் வெறும் மண், குளம் பாதிக்கு மேல் உள்வாங்கி வெடித்த சேறு. அதே இடம் மார்கழியில் ஒரே வெள்ளக்காடு. உங்கள் இரணைமடு மட்டும் பன்னிரண்டு மாதமும் வான்கதவு வரைக்கும் தளும்பிக்கொண்டு நிற்கிறது. எங்கள் கமக்காரர்கள் கண்டால் உங்களுக்கு மாலை போடுவார்கள்.

உயரத் தரவை எங்கே எடுத்தீர்கள் என்று பார்த்தவுடனே தெரிகிறது. 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் சுற்றி ராடரால் அளந்த தரவு. இலவசமாகக் கிடைக்கிறது, எல்லாரும் அதைத்தான் பாவிக்கிறோம். ஆனால் அந்த ராடர் அலை அடர்ந்த காட்டில் மண் வரைக்கும் இறங்காது, மரத்தின் மேற்பகுதியிலேயே பட்டுத் திரும்பிவிடும். மலைநாட்டில் இது பெரிய வித்தியாசம் காட்டாது. தட்டை நிலமான வன்னியில் காட்டும். முத்தையன்கட்டுப் பக்கத்துக் காடு மேட்டுநிலம் மாதிரி எழும்பி நிற்கிறது, காடு முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் நிலம் படி இறங்குகிறது. காட்டை ஒரு முகமூடியாய் வெட்டி, அந்தப் பகுதியின் உயரத்தைக் குறைத்துவிட்டால் சரி. ஒரு சனிக்கிழமை வேலை.

அதைவிடப் பெரிய பிழை காலம். வரைபடத்தின் பெயர் 'வன்னி 2007' என்று போட்டிருக்கிறீர்கள். மேலே ஒட்டியிருப்பதோ சென்ரினல்-2 செய்மதிப் படம். முதல் சென்ரினல்-2 மேலே போனதே 2015இல். ஆகவே உங்கள் 2007இல் மீள்குடியேறிய சனத்தின் வீட்டுத்திட்டக் கூரைகள் தெரிகின்றன. இரணைமடுவில் இன்றைக்கு விமானப்படை வைத்திருக்கிற ஓடுபாதை தெரிகிறது. கண்டி வீதி கார்ப்பெற் போட்டு மினுங்குகிறது. பரந்தன்-முல்லைத்தீவு வீதியும் அப்படித்தான். ரயில் பாதை வேறு ஓடுகிறது! யாழ்தேவி 1990இல் நின்றது, கிளிநொச்சிக்குத் திரும்ப ரயில் வந்தது 2013இல். இடையில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் கழன்று பங்கர்களுக்குள் போய்விட்டன. வெறும் மண் அணைதான் இருந்தது, அதில் மாடு மேய்ந்தது. இரவில் பறந்து பார்த்தேன். வீதியோரம் முழுக்க மஞ்சள் லைற்றுகள் வரிசையாய் எரிகின்றன. லக்சபான மின்சாரத்தைக் காணாமல் வளர்ந்த தலைமுறை நாங்கள். மண்ணெண்ணெய் விளக்கையும், தப்பித்தவறி ஒரு ஜெனரேற்றரையும் விட்டால் அந்த ஊர் இருட்டு. வன்னி மேலே இரவில் பறக்கிறவனுக்குக் கீழே எதுவும் தெரியக்கூடாது. லைற் லேயரை மொத்தமாய் அணையுங்கள்.

அந்தக் காலத்துப் படம் வேண்டுமென்றால் லான்ட்சாற் செய்மதிப் படங்கள் இருக்கின்றன. லான்ட்சாற்-7இல் 2003 மே மாதக் கடைசியில் ஒரு கருவி பழுதானதால் அதற்குப் பிறகு வந்த படங்களில் கோடு கோடாய் வெற்றிடம் இருக்கும். அதே காலத்தில் லான்ட்சாற்-5ம் வேலை செய்தது, அதில் தேடிப் பாருங்கள். ஒரு சிக்கல். அதில் ஒரு பிக்சல் என்றால் தரையில் 30 மீற்றருக்கு 30 மீற்றர். ஒரு வீடு, அதன் கிணறு, மாட்டுக்கொட்டில், மாமரம், பங்கர் எல்லாமே அந்த ஒற்றைப் பச்சைப் புள்ளிக்குள் அடங்கிவிடும். படத்தை மட்டும் நம்பினால் உடையார்கட்டிலும் சுதந்திரபுரத்திலும் ஆளே இருக்கவில்லை என்று தோன்றும். அங்கேதான் கையால் வைக்கவேண்டியிருக்கிறது, நான் கேட்க வந்ததும் அதைத்தான்.

பொருட்களின் பட்டியலைத் திறந்து பங்கர் என்று தேடிப் பாருங்கள். கொங்கிறீற்றில் கட்டி, துப்பாக்கி நீட்ட ஓட்டை விட்ட இராணுவக் காப்பரண் வரும். அடித்தால் புள்ளி. எங்கள் பங்கர் எப்படி இருக்கும் தெரியுமா? வீட்டு வளவில், தென்னையின் கீழோ மாமரத்தின் கீழோ, 'எல்' எழுத்து வடிவில் வெட்டுவோம். வாசலில் விழுகிற குண்டின் சிதறல் நேரே உள்ளே வராமல் முடக்கில் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த முடக்கு. மேலே பனங்குற்றி அடுக்கி, அதன் மேல் மண்மூட்டை. கடைசிக் காலத்தில் உரப்பை கிடைக்காமல் சேலையைக் கிழித்து மூட்டை தைத்தார்கள். கூறைச்சேலையும் போனது. மேலேயிருந்து பார்த்தால் மரநிழலில் ஒரு மண்மேடு, அவ்வளவுதான். உள்ளே இருப்பது கிழவியும் பிள்ளைகளும் ஒரு தண்ணீர்க் கானும். இது இல்லாத வீடு வன்னியில் இருந்ததில்லை. பட்டியலில் இருக்கிற பங்கரைக் கொண்டுபோய் அந்த வளவுக்குள் வைத்தீர்களென்றால் ஊர் முழுக்க இராணுவ இலக்காகிவிடுகிறது. தெரிந்து செய்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. வேறு பொருள் அங்கே இல்லை, அதுதான் காரணம். இல்லாததைச் செய்கிறவர்களைத்தானே மொட் செய்கிறவர்கள் என்கிறோம்.

ஒரு மிஷன் பற்றியும் சொல்லவேண்டும். செய்தவரின் பெயர் இங்கே தேவையில்லை. திகதி 2006 ஆகஸ்ட் 14. இடம் வள்ளிபுனம். ஃபைலை நோட்பாட்டில் திறந்து பார்த்தேன். ஒரு களஞ்சியம், இரண்டு பங்கர், ஒரு விமான எதிர்ப்புத் துப்பாக்கி. இலக்கின் பெயர் 'பயிற்சி முகாம்'. அன்றைக்கு விமானப்படை குண்டு போட்டு செஞ்சோலைச் சிறுவர் இல்ல வளாகத்தில் செத்தது 50க்கு மேற்பட்ட பள்ளி மாணவிகள். அரசு பயிற்சி முகாம் என்றது, போய்ப் பார்த்த யுனிசெப்காரர் பள்ளிப் பிள்ளைகள் என்றார்கள். மிஷன் செய்தவருக்கு மரியாதையாகத்தான் எழுதினேன். "அண்ணை, இங்கே அரசியல் வேண்டாம்" என்று பதில் வந்தது. பயிற்சி முகாம் என்று எழுதினால் அரசியல் இல்லை, மாற்றச் சொன்னால் அரசியல். செட்டையில் ஒரு எண் பிழைத்தால் பத்துப் பேர் வந்து திருத்துகிற இடத்தில், இதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பதுதான் எனக்குச் சுட்டது.

இனி மற்றப் பக்கம். சிலின்-143 செய்கிறவர்களே, நழுவப் பார்க்காதீர்கள். நாலு பேர் ஏறிப்போகிற செக் நாட்டுச் சின்ன விமானம், ஒற்றை புரொப்பெல்லர். அதில் குண்டைக் கட்டி 2007 மார்ச் 26 இரவு கட்டுநாயக்கா வரை போய்வந்தது விமானப் பிரியனுக்கு சுவாரசியமான விசயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் 2009 பெப்ரவரி 20 இரவு கொழும்பில் ஒன்று விழுந்து மோதியது இறைவரித் திணைக்களக் கட்டடத்தில். அங்கேயும் ஆட்கள் செத்தார்கள். உங்கள் கொழும்பு வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு சாம்பல் பெட்டிதான் நிற்கிறது. கிளிநொச்சிக்குக் கேட்கிறதை நான் கொழும்புக்கும் கேட்கிறேன்.

சத்தம் பற்றி ஒரு வேண்டுகோள், தனிப்பட்டது. புது ஜே-79 சத்தப் பொதி வந்த அன்று ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தேன். அருமையான வேலை, கிபிர் பதிகிறபோது வருகிற அந்தக் கீச்சு அப்படியே இருந்தது. பிறகுதான் குசினியில் சத்தமில்லை என்பது விளங்கியது. போய்ப் பார்த்தால் அம்மா காஸ் அடுப்பை நிற்பாட்டிவிட்டுச் சுவரோடு நிற்கிறார். விறகடுப்புக் காலத்தில் கிபிர் வந்தால் முதல் வேலை அடுப்பில் தண்ணீர் ஊற்றுவது, மேலே புகை தெரியக்கூடாது. "உதை நிப்பாட்டடா" என்று மட்டும் சொன்னார். அந்தச் சத்தப் பொதியோடு வருகிற குறிப்பில் ஒரு வரி சேருங்கள்: வன்னியில் ஹெட்போன் இல்லாமல் போடவேண்டாம்.

கேட்பதோடு நிற்காமல் நானும் கை கொடுக்கிறேன். இரணைமடுவுக்கும் முத்தையன்கட்டுக்கும் கோடைக்கால நீர்க்கரையைக் கோடாய் வரைந்து வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். பனையும் வடலியும் பிளெண்டரில் முடித்துவிட்டேன், முக்கோணங்கள் குறைவு, பழைய லாப்டொப்பிலும் ஓடும். கிடுகு வீடு பாதியில் நிற்கிறது. தறப்பாள் கொட்டிலுக்கு நிறம் சரிவரவில்லை, யாராவது டெக்ஸ்சர் தெரிந்தவர் பொறுப்பெடுங்கள். கூரையில் சிவப்புச் சிலுவை வரைந்த ஆஸ்பத்திரி, அரைச்சுவர் வைத்த நீளப் பள்ளிக்கூடம், 'எல்' பங்கர் மூன்றும் அவசரம். பள்ளிக்கூடத்தின் அளவுகளை நான் ரேப் பிடித்து அளந்து அனுப்புவேன், எங்கள் ஊரில் அந்த மாதிரிக் கட்டடம் ஒன்று இன்னும் நிற்கிறது. இவற்றை சிமுலேட்டரில் மோதுகிற இரண்டு பக்கமான நீலத்துக்கும் கொடுக்கவேண்டாம், சிவப்புக்கும் கொடுக்கவேண்டாம், நடுநிலைப் பக்கத்தில் வையுங்கள். அப்படியொரு பக்கமே இல்லாத சிமுலேட்டர் என்றால் அடிக்கிறவனுக்குப் புள்ளி வெட்டுகிற மாதிரி மிஷனில் எழுதலாம், ஸ்ட்ரைக் ஃபைட்டர்ஸ் சிமுலேட்டருக்கு மொட் செய்கிறவர்கள் அதன் அமைப்பு விபரம் இருக்கிற ஐஎன்ஐ ஃபைலில் என்னவெல்லாம் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

வள்ளிபுனம் மிஷனைச் செய்த தம்பி இதை வாசித்தால், கோபமில்லை. அந்த ஒரு பெயரையும் அந்தத் துப்பாக்கியையும் எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். விளையாட ஆள் வராது என்று நினைத்தால் போடாமலே விடுங்கள்.

அன்புடன்,
விசுவமடுவிலிருந்து ஒரு கிபிர்ப் பைத்தியம்

பி.கு.: புதிதாய் வந்த கிபிர் சீ.7 மொடலில் காற்று உள்ளிழுக்கும் வாய்களின் அடியில் இருக்கவேண்டிய இரண்டு ஆயுதக் கொளுவிகளைக் காணவில்லை. அவை இல்லாவிட்டால் அது சீ.2 தான். ஸ்கின் போட முதல் அதைத் திருத்துங்கள்.