ஓவியர் பொன்னாருக்கு, நீலகிரியிலிருந்து

அன்புள்ள பியேர் பொன்னார் அவர்களுக்கு,

வணக்கம். பிரான்ஸின் லெ கானே ஊரில் உங்கள் சன்னலுக்கு வெளியே பூத்த, நீங்கள் ஓவியமாகவும் வரைந்த மஞ்சள் பூ மரமான மிமோசா பற்றித்தான் இந்தக் கடிதம். உங்கள் கடற்கரையில் அந்தப் பெயரில் பூப்பது பெரும்பாலும் ஒரே இனம். அது எங்கள் மலையிலும் நிற்கிறது. சீகை மரம் என்போம். இங்கே அதை வெட்டு, வெட்டு என்றுதான் பேச்சு.

உங்களுக்கும் எங்களுக்கும் அது வந்தேறிதான். சொந்த இடம் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு. 19-ஆம் நூற்றாண்டில் உங்கள் பக்கம் பணக்காரர்களின் தோட்டங்களுக்கு வந்தது. எங்கள் பக்கம் வெள்ளைக்காரர்கள் விறகுக்கென்று கொண்டுவந்தார்கள். அப்புறம் தோல் பதனிட மரப்பட்டை வேண்டுமென்று, அதன் நெருங்கிய சொந்தமான கறுப்புச் சீகையை வனத்துறையே புல்வெளிகளில் நட்டது. உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள மாந்தெலியூவில் 1931-லிருந்து இந்தப் பூவுக்குத் திருவிழாவே நடத்துகிறார்கள். போர்ம் என்ற ஊர் 1968-ல் தன் பெயரோடு மிமோசாவையும் சேர்த்துக்கொண்டது. கொடுத்து வைத்த மரம்.

சரி, நீங்கள் வரைந்த அந்த மிமோசா ஓவியத்துக்கு வருகிறேன். ஓவியக்கூடத்துப் பெரிய சன்னல், அதன் கட்டங்களுக்கு அப்பால் மஞ்சள். மஞ்சள் தூளைக் கொட்டிவிட்டு அள்ள மறந்தது போல அவ்வளவு மஞ்சள். இடப்பக்கக் கீழ்மூலையில் ஒரு முகம், சுவரின் நிறத்திலேயே பாதி கரைந்து நிற்கிறது. முதலில் பார்க்கும்போது எனக்கு அது தெரியவே இல்லை. அது உங்கள் மனைவி மார்த் ஆக இருக்கலாம் என்கிறார்கள். நீங்கள் 1939-ல் தொடங்கி 1946-ல்தான் அந்தப் படத்தை முடித்தீர்கள். நடுவில் போர் வந்தது. 1942 ஜனவரியில் மார்த் இறந்துபோனார்.

மிமோசா வருடத்தில் சில வாரங்கள்தான் பூக்கும். அப்படியென்றால் நீங்கள் தூரிகை எடுத்த நாட்களில் பெரும்பாலும் சன்னலுக்கு வெளியே பூவே இருந்திருக்காது. நீங்களும் எதிரில் நின்று பார்த்து வரைகிற ஆள் இல்லை. பையிலிருக்கும் சின்ன நாட்குறிப்பில் பென்சிலால் கிறுக்கிக்கொள்வீர்கள், அன்றைய வானிலையை ஓரிரு சொல்லில் எழுதிவைப்பீர்கள். பிறகு ஓவியத் துணியைச் சுவரில் ஆணியடித்து வைத்து உள்ளேயே வரைவீர்கள். பல வருடத்துப் பூ ஞாபகத்தில் படிந்துதான் அந்த மஞ்சள் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். கடைசிப் படமான பாதாம் மரத்திலும், சாகும் தறுவாயில், அடியிலிருந்த பச்சை சரியில்லை, மஞ்சள் வேண்டும் என்று தங்கை மகனை வைத்துத் திருத்தச் சொன்னவர் அல்லவா நீங்கள்!

எங்கள் கதை வேறு. நீலகிரியின் உச்சியில் இருந்தது புல்வெளி. பள்ளங்களில் மட்டும் சோலைக்காடு. வரையாடு மேய்வதும் குறிஞ்சி பூப்பதும் அந்தப் புல்லில்தான். தோடர்களின் எருமைகளுக்கு மேய்ச்சலும், அவர்கள் கோயிலுக்கு வேயும் புல்லும் அங்கிருந்துதான் வரவேண்டும். சீகை நுழைந்த இடத்தில் புல்லுக்கு வெயில் கிடைப்பதில்லை. தமிழ்நாடு அரசு 2022-ல் அயல் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கையே கொண்டுவந்தது.

பூக்கிற நாட்களில் மட்டும் எனக்கு மனசு இடிக்கும். வாசனையும் நிறமும் அப்படி. சுற்றுலா வருகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படமெடுக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் உங்கள் படத்தைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு தெளிவு வந்திருக்கிறது. பூவை வைத்துக்கொள்ள மரம் சன்னலில் நிற்கவேண்டிய அவசியமில்லை. நீங்கள் ஏழு வருடம் அப்படித்தானே சமாளித்தீர்கள்? எங்கள் மலையில் அது போகட்டும்.

போவதும் லேசில்லை. மேலே வெட்டினால் அடியிலிருந்து தளிர்க்கும். வேரிலிருந்தும் கன்று வரும். விதை மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடந்து, தீப்பிடித்தால் குப்பென்று முளைக்கும். ஒரு முறை வெட்டிவிட்டுப் போனால் போதாது. வருடா வருடம் வந்து கன்றுகளைப் பிடுங்கவேண்டும். அதற்கு ஆளும் பணமும் ஒதுக்குகிறார்களா என்றுதான் நாங்கள் இங்கே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அன்புடன்,
ஒரு நீலகிரிக்காரன்