நீராவி ஜாயின்ட்டில் பழைய பேக்கிங்கைத் திரும்பப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆலையில் நீராவிக் குழாய் ஜாயின்ட் விட்டுப்போய்த் தொழிலாளி வெந்துபோனார் என்று செய்தி வந்தால், கூடவே 'பராமரிப்பில் கவனக்குறைவு' என்று ஒரு வரி இருக்கும். ஈரோடு, பெருந்துறைப் பக்கம் சாயப்பட்டறைகளிலும் அரிசி ஆலைகளிலும் 32 வருடம் ஃபிட்டராக இருந்தவன் நான். அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்று எழுதத்தான் இந்தக் கடிதம்.

குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்க அவற்றின் முனையில் இருக்கும் வளையத் தகடுதான் ஃபிளாஞ்ச். இரண்டு ஃபிளாஞ்சுக்கு நடுவே ஆவி கசியாமல் வைக்கும் கேஸ்கட்டை நாங்கள் பேக்கிங் என்போம். உள்மூடி குக்கர் வைத்திருக்கும் வீட்டில் கவனித்திருப்பீர்கள். உள்ளே ஆவி ஏற ஏற மூடி மேலே போய் இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். பாய்லரின் மேன்ஹோல் கதவும் அப்படித்தான், உள்பக்கமாக உட்கார்ந்திருக்கும். குழாய் ஃபிளாஞ்ச் இதற்கு நேர் எதிர். ஆவி ஏறும்போது இரண்டு ஃபிளாஞ்சையும் பிரிக்கப் பார்க்கும். போல்ட்டுகள் ஸ்பிரிங் மாதிரி இழுத்துப் பிடித்திருப்பதால்தான் பேக்கிங் நசுங்கியபடியே நிற்கிறது. அந்தப் பிடி தளர்ந்தால் பேக்கிங் எவ்வளவு உயர்ந்த சரக்காக இருந்தாலும் பயனில்லை.

2009இல் நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஷட்டவுன். சதுர சென்டிமீட்டருக்கு 10.54 கிலோ அழுத்தம் உள்ள பாய்லர், அதிலிருந்து போகும் 6 இஞ்ச் மெயின் லைன். வால்வைக் கழற்றிச் சரிசெய்துவிட்டுத் திரும்ப மாட்ட வேண்டும். ஸ்டோரில் புது ஸ்பைரல் பேக்கிங் இல்லை. கழற்றியதையே கையில் எடுத்துப் பார்த்த சூப்பர்வைசர், "புதுசு மாதிரிதானே இருக்கு, போட்டுடுங்க" என்றார். போட்டேன். எட்டு போல்ட்டையும் ஸ்பானரில் பைப்பை மாட்டி, பலம் உள்ளவரை இறுக்கினேன். இரவு இரண்டு மணிக்கு உஸ்ஸென்று சத்தம் கேட்டது. என் ஹெல்பர் பையன், எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் கையை நீட்டிவிட்டான். அந்த அழுத்தத்தில் ஆவியின் சூடு சுமார் 185 டிகிரி. வெள்ளையாகப் புகை மாதிரித் தெரிவதெல்லாம் கொஞ்சம் தள்ளிக் குளிர்ந்த பிறகுதான். ஓட்டை வாயிலேயே ஆவி கண்ணுக்குத் தெரியாது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் உரிந்துவிட்டது. அவன் அப்புறம் அந்த வேலைக்கே வரவில்லை. அன்றைக்கு நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

ஸ்பைரல் பேக்கிங் என்பது 'வி' வடிவில் மடித்த மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டையையும் கிராஃபைட்டையும் மாற்றி மாற்றிச் சுற்றியது. புதிதில் 4.5 மில்லிமீட்டர் கனம் இருக்கும், இறுக்கினால் ஏறத்தாழ 3.3 மில்லிமீட்டருக்கு வந்துவிடும். கழற்றினால் பழைய கனத்துக்குத் திரும்பாது. ஒருமுறை ஃபிளாஞ்சின் மேடுபள்ளத்துக்கு ஏற்றபடி பதிந்துவிட்டது, இரண்டாவது முறை அதே இடத்தில் அதே மாதிரி உட்காராது. பார்வைக்குப் பளபளவென்று இருப்பதை நம்பித்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். ஒரு நாள் உற்பத்தி நின்றால் ஆகும் நட்டத்தோடு பார்த்தால் புதுப் பேக்கிங்கின் விலை ஒன்றுமே இல்லை.

இறுக்குவதிலும் முறை இருக்கிறது. எதிரெதிர் போல்ட்டாக, நட்சத்திரம் போடுவதுபோல் மாற்றி மாற்றிப் போக வேண்டும். நட்டைத் திருப்பும் விசையின் அளவை டார்க் என்போம். முதல் சுற்று முழு டார்க்கில் 30 சதவீதம், அடுத்து 70, அப்புறம் 100. அதன் பிறகு வட்டமாக வரிசையாக ஒரு சுற்று. நாலு மணி நேரம் கழித்து, லைனில் ஆவி விடுவதற்கு முன்பே, இன்னொரு தடவை. ஏனென்றால் பேக்கிங் அதற்குள் சற்று அமர்ந்து, போல்ட்டின் பிடி குறைந்திருக்கும். ஒரு பக்கத்தை முதலில் முழுசாக இறுக்கிவிட்டால் மறுபக்கம் வாயைத் திறக்கும், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் சரியாகாது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. ஸ்பானரில் நாம் கொடுக்கும் பலத்தில் பத்தில் ஒன்பது பங்கு மரையிலும் நட்டுக்கு அடியிலும் உரசியே போய்விடுகிறது. போல்ட்டை இழுப்பது மீதி ஒரு பங்குதான். துருப்பிடித்த பழைய போல்ட் என்றால் அதுவும் இல்லை. கைக்கு நன்றாக இறுகியதுபோலத்தான் இருக்கும், ஜாயின்ட்டில் பிடி இருக்காது. மரைக்கும் நட்டின் அடிப்பக்கத்துக்கும் கிரீஸ் தடவ வேண்டும், பேக்கிங்கில் தடவவே கூடாது. இதை நான் கற்றுக்கொண்டதே வேலைக்குச் சேர்ந்து பதினைந்து வருடம் கழித்து, வெளியூரிலிருந்து வந்த ஒரு இன்ஜினியரிடம்தான்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஷீட்டை ஃபிளாஞ்ச் மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியால் ஓரத்தில் தட்டித் தட்டியே பேக்கிங் வெட்டிப் பழகியவர்கள் நாங்கள். பழையது ஒட்டிக்கொண்டால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்போம், தூள் மூக்கு வரை வரும். வாயில் ஒரு துணிகூடக் கட்டியதில்லை. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டைப் பல ஆண்டுகள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே உத்தரவிட்டது. ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத ஷீட்டும் கிராஃபைட் ஷீட்டும் கடையில் கிடைக்கின்றன. விலை கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். பழைய ஷீட்டைச் சுரண்டுகிற தம்பிகள் தயவுசெய்து முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொள்ளுங்கள், உலர வைத்துத் தேய்க்காதீர்கள்.

1923ஆம் வருடச் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் புதிய பாய்லர் சட்டம் வந்திருக்கிறது. வருடாந்திரச் சோதனைக்கு வரும் அதிகாரிகளிடம் நான் கேட்பது பெரிதல்ல. மெயின் லைன் ஜாயின்ட் ஒவ்வொன்றுக்கும் என்ன பேக்கிங், எந்தத் தேதியில் போட்டது, யார் எத்தனை டார்க்கில் இறுக்கினார்கள் என்று ஒரு நோட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஆலையில் டார்க்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்றாவது இருக்கிறதா என்று கேளுங்கள். முதலாளிமார்கள் ஷட்டவுனுக்கு நாள் குறிக்கும்போதே பேக்கிங்கும் ஸ்டட்டும் (தலை இல்லாத, மரை போட்ட போல்ட்) ஸ்டோரில் வந்து இறங்கிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளட்டும்.

வெவ்வேறு ஜாயின்ட்டுகளில் கெட்டுப்போன இருபது முப்பது பேக்கிங்குகளை வீட்டில் ஒரு பெட்டியில் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் மட்டும் நசுங்கியது, கீறல் விழுந்த ஃபிளாஞ்சில் ஆவி அறுத்தது, கிரீஸ் தடவியதால் பிதுங்கி வெளியே வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கிறது. எங்கள் வட்டாரத்து ஐ.டி.ஐ. எதிலாவது ஃபிட்டர் படிக்கும் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பினால், பெட்டியோடு வருகிறேன். பஸ் செலவுகூட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர்,
பெருந்துறை.